நான் படிக்காமல் போட்ட கையெழுத்துகள்

மகனே,

நீ போன வாரம் போட்ட கடிதம் கைக்கு வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில்லின் பிராவிடண்ட் பண்டுக்கு உன்னை டிரஸ்டியாகப் போடப் போகிறார்கள், அதுவும் கம்பெனி ஆளாக இல்லை, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத வெளி மனிதராக, சுயேச்சையான ஆடிட்டராக, என்று நீ எழுதியிருந்ததைப் பக்கத்து வீடு எதிர் வீடு எல்லாவற்றிலும் சொல்லிவிட்டு வந்தாள். நான் கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். "பெரிய வேலை ஒன்றும் இல்லை நைனா. வருஷத்துக்கு நாலு கூட்டம். போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும்" என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம். உன்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்கவே மூன்று நாள் ஆயிற்று. இரண்டு பேர்மேலும்தான் என்று தெளிவான பிறகு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாக இருக்கும். அவசரமாகப் படிக்காதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு படி.

உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். இதே வார்த்தைகளை, ஒரு எழுத்து மாறாமல், என்னிடம் ஒருவர் சொன்னார். ராயபுரத்துக் கப்பல் ரிப்பேர் பட்டறையின் மானேஜர். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பண்டில் டிரஸ்டியாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். பட்டறை மூடியதும், வழக்கு நடந்ததும் தெரியும். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். பாதிக் கதைதான் உனக்கு வந்து சேர்ந்தது. மீதிப் பாதியை நான் யாருக்கும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, கோபப்பட்டேன், குடித்தேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சின்னச் சின்னதாகச் சொல்லிவிட்டு, இதை விழுங்கிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

அந்தப் பட்டறையைத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரர். கடுமையான மனிதர், வேலை நேரத்தில் எவன் பீடி பற்ற வைத்தாலும் அரை நாள் சம்பளத்தை வெட்டுவார். ஆனால் வயசாகி வேலையை விட்டு நிற்கிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. இப்போது இருக்கிற சட்டமெல்லாம் அப்போது கிடையாது. அவராகவே பண்டு ஒன்றை ஏற்படுத்தினார். எங்கள் சம்பளத்தில் ரூபாய்க்கு ஒரு அணா பிடிப்பார்கள், கம்பெனியும் அதே அளவு போடும். அதைப் பார்த்துக்கொள்ள ஐந்து டிரஸ்டிகள். மூன்று பேர் கம்பெனி தரப்பு, ஒருவர் தொழிலாளிகள் தரப்பு, ஐந்தாவது ஆள் வெளியிலிருந்து. அந்த ஐந்தாமவர் கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது, முதலாளிக்கு உறவாக இருக்கக் கூடாது, கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கக் கூடாது, எந்த விதத்திலும் அவர்களுக்குக் கடமைப்பட்டவராக இருக்கக் கூடாது என்று பண்டின் டிரஸ்ட் பத்திரத்தில் எழுதி வைத்தார். இன்னொன்றும் எழுதினார். அந்த வெளி ஆளை நீக்க வேண்டும் என்றால் தொழிலாளிகள் தரப்பு டிரஸ்டியும் சம்மதித்துக் கை தூக்க வேண்டும். கம்பெனி ஆட்கள் மூன்று பேராகச் சேர்ந்து அவரைத் துரத்திவிடக் கூடாது என்று யோசித்துத்தான் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார். சாவி என் கையில் இருந்தது. அதை நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெள்ளைக்காரர் யுத்தத்துக்கு முன்பே பட்டறையை விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டார். புது முதலாளி வந்தார். அவருடைய மைத்துனர் ஒருவர் சரக்குப் படகுக் கம்பெனி வைத்திருந்தார், அவரும் டிரஸ்டி ஆனார். மானேஜர் ஒரு டிரஸ்டி, கம்பெனி வக்கீல் ஒரு டிரஸ்டி. தொழிலாளி தரப்புக்கு நாங்களே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. மானேஜர் சாப்பாட்டு நேரத்தில் வந்து என் பேரை வாசித்தார், எல்லாரும் கை தட்டினார்கள், தேர்தல் முடிந்தது. என்னை ஏன் பிடித்தார் என்று எனக்கு அப்போதே தெரியும். நான் நாலாவது பாரம் வரை படித்தவன், இங்கிலீஷ் வாசிப்பேன். அதைவிட முக்கியம், நான் எதிர்த்துப் பேசாதவன். முந்தின வருஷம் பஞ்சப்படி கேட்டுப் பட்டறை முழுக்க வெளியே வந்து நின்றபோது, வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டவன். அவருக்குத் தேவையான ஆள் நான்தான்.

கூட்டம் மாடி அறையில் நடக்கும். மின்விசிறி சுற்றும். பீங்கான் கோப்பையில் காப்பி வரும். நான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போவேன். கீழே கூட வேலை செய்கிறவர்கள் கரியும் எண்ணெயுமாக நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. பண்டுப் பணத்தில் வாங்கிய சர்க்கார் பத்திரங்களின் பட்டியலை மானேஜர் வாசிப்பார். இன்ன பத்திரம் இவ்வளவு, இன்ன பத்திரம் இவ்வளவு. எல்லாரும் தலையாட்டுவார்கள். மினிட் புஸ்தகம் என் முன்னால் வரும்போது அவர் விரலை வைத்த இடத்தில் என் பேரை இங்கிலீஷில், வால் எல்லாம் போட்டு அழகாக எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வக்கீல் ஒருமுறை சொன்னார். வீட்டில் வந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

வெளி ஆளாக இருந்தவர் திருவொற்றியூரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம். வெள்ளைக்காரர் காலத்திலேயே போட்ட ஆள். ஒல்லியான உருவம், காதில் கறுப்புக் கயிற்றால் கட்டிய மூக்குக்கண்ணாடி. எங்கே போனாலும் ஒரு நோட்டுப் புஸ்தகம் கையில் இருக்கும். யுத்தம் வந்து, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகித் திரும்பி வந்த சமயம். அதற்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் அவர் மானேஜரைப் பார்த்து, "பட்டியல் நல்லாயிருக்கு. பத்திரங்களைக் கொஞ்சம் கொண்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார்.

"குண்டு பயத்துல எல்லாத்தையும் வெளியூர் பேங்குக்கு அனுப்பியிருக்கோம் சார்" என்றார் மானேஜர்.

"நல்ல காரியம். எந்த பேங்க்? ரசீது இருக்குமே, அதையாவது காட்டுங்க."

"அடுத்த கூட்டத்துல வெச்சிடறேன்."

அடுத்த கூட்டத்தில் ரசீது வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் வரவில்லை. மூன்றாவது முறை தணிகாசலம் கேட்டபோது, மைத்துனர் சிரித்துவிட்டார். "போஸ்ட்மாஸ்டருக்கு நம்மையெல்லாம் பார்த்தா திருடங்க மாதிரி இருக்கு போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மகனே. பிறத்தியார் காசு காணாமல் போன ஒரு அறையில், அதைத் தேடச் சொன்ன ஒரே மனிதரைப் பார்த்து, அந்தக் காசுக்குச் சொந்தக்காரர்கள் அனுப்பி வைத்த நான் சிரித்தேன்.

அன்று கூட்டம் முடிந்து டிராம் நிற்கிற இடம் வரைக்கும் அவரும் நானும் சேர்ந்து நடந்தோம். "நீங்க ஏன் ஒண்ணுமே கேக்கலை?" என்றார்.

"பெரிய மனுஷங்க சார். நம்மளை ஏமாத்துவாங்களா?"

அவர் நின்றுவிட்டார். "நான் முப்பது வருஷம் தபாலாபீஸ்ல இருந்தேன். தினம் சாயங்காலம் பெட்டியைத் திறந்து ஸ்டாம்பு முழுக்க எண்ணுவேன். என் கீழ இருந்தவங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சந்தேகப்பட்டு எண்ணலை, எண்ணறதுதான் என் வேலை. நம்மளை அங்க உட்கார வெச்சிருக்கறது அதுக்குத்தான்."

எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இந்தக் கிழவர் இப்படிக் குடைந்துகொண்டே இருந்தால் காப்பி கோப்பை எனக்கும் இல்லாமல் போய்விடும் என்கிற பயம்.

அடுத்த வாரம் மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "உன் பையன் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிட்டானாமே, நல்ல மார்க்காமே" என்று ஆரம்பித்தார். காலேஜில் சேர்க்க அவருக்குத் தெரிந்தவர் இருக்கிறார், சீட்டு வாங்கித் தருகிறார், காலேஜ் சம்பளத்தைக் கம்பெனி கட்டும். நான் நன்றி சொல்லி எழுந்தேன். அப்போதுதான், ஏதோ மறந்ததை நினைவுபடுத்திக்கொண்டவர் மாதிரி, "போஸ்ட்மாஸ்டருக்கு வயசாயிடுச்சு, பாவம், அலைய முடியலை. அடுத்த கூட்டத்துல ஒரு தீர்மானம் வரும். நீ கை தூக்கினாத்தான் செல்லும். எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்றார்.

ஒன்று தா, ஒன்று தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு ரோஷம் வந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். சேர்த்துப் பார்த்துக்கொண்டது நான்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். விலை பேசுகிறவன் யோக்கியன். விலையே பேசாமல் நல்லது செய்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கூட்டத்தில் தீர்மானத்தை வக்கீல் வாசித்தார். வயது, உடல்நிலை, இத்தனை நாள் செய்த சேவைக்கு நன்றி. மூன்று கைகள் உயர்ந்தன. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தணிகாசலமும் பார்த்தார். அவர் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. கூட்டல் கணக்கில் கடைசி எண்ணுக்காகக் காத்திருக்கிறவர் மாதிரி இருந்தது. நான் கையைத் தூக்கினேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "சரி. நான் பத்திரத்தைக் காட்டச் சொல்லி மூணு தடவை கேட்டேன், காட்டலை. அதை மட்டும் மினிட்ல எழுதிடுங்க" என்றார். எழுதுகிறோம் என்றார்கள். அவர் படி இறங்கிப் போனார். மினிட் புஸ்தகம் என் முன்னால் வந்தபோது அதில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. இல்லை என்று பிறகு கோர்ட்டில் தெரிந்தது. நீ காலேஜில் சேர்ந்தாய். நீ ஆடிட்டர் ஆனதும், இன்றைக்கு உன்னை ஒரு மில் முதலாளி கூப்பிட்டு நாற்காலி போடுவதும், என் கை அன்றைக்கு மேலே போனதால் ஆரம்பித்தது. நீ படித்த படிப்பை நான் குறை சொல்லவில்லை, நீ ராப்பகலாகப் படித்தாய். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அவருக்குப் பதிலாக இன்னொரு வெளி ஆளைக் கொண்டு வந்தார்கள். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பேருக்குப் பின்னால் பட்டமெல்லாம் உண்டு. தலைப்பாகையும் சரிகை அங்கவஸ்திரமுமாக வந்து உட்காருவார். டிரஸ்ட் பத்திரத்தில் சொன்னபடி அவர் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை, உறவும் இல்லை. ஆனால் அவர் குடியிருந்தது முதலாளியின் பங்களாவில். அவர் மகன் வேலை பார்த்தது மைத்துனரின் படகுக் கம்பெனியில். காகிதத்தில் அவர் வெளி ஆள். அந்த மனிதர் ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் காலத்தில்தான் பண்டில் மிச்சமிருந்த சர்க்கார் பத்திரங்களையும் விற்று, அந்தப் பணத்தைப் படகுக் கம்பெனிக்கு வட்டிக்குக் கொடுப்பதாகத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து.

இப்போது உன்னைக் கேட்கிறேன். நீ இருக்கிற வீடு யாருடையது? ஆறு மாசத்துக்கு முன்னால் நீயே எழுதினாய், மில் முதலாளி தங்கமானவர், ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் வீடு கொடுத்திருக்கிறார், வாடகை என்று ஒரு பைசா வாங்க மாட்டேன் என்கிறார் என்று. உன் ஆபீசுக்கு வருகிற வேலையில் பாதி அவருடைய மில்களின் கணக்கு என்றும் எழுதினாய். அப்புறம் நீ எப்படியடா வெளி ஆள்? எந்த வாசலுக்கு வெளியே நிற்கிறாய்? நாளைக்கு அவர் பண்டுப் பணத்தை எடுத்துத் தன் மச்சானுக்கோ மாப்பிள்ளைக்கோ கொடுக்கப் பார்த்தால், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுப்பாய்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். உன் நேர்மையையும் நான் சந்தேகப்படவில்லை. நானும் திருடன் இல்லை. ஒரு காசு நான் தொட்டதில்லை. தொடாத கையால்தான் அத்தனை பேர் வயிற்றில் அடித்தேன்.

காதர் பாயை உனக்கு ஞாபகம் இருக்கும். தண்டையார்பேட்டைக்காரர், பாய்லர் பிரிவில் எனக்கு முன்னால் சேர்ந்தவர். பாய்லருக்குள்ளே உட்கார்ந்து ரிவிட் அடித்து அடித்துக் காது போய்விட்டது. தனக்குக் கேட்காததால் ஊரில் எவனுக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்தித்தான் பேசுவார். இருபத்தெட்டு வருஷம் கப்பல் கப்பலாக ரிப்பேர் செய்தவர், ஒரு கப்பலிலும் ஏறிப் பயணம் போனதில்லை. ரிடையர் ஆனதும் பண்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு பம்பாய் போய், அங்கிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வருஷா வருஷம் பண்டுக் கணக்குச் சீட்டு வந்ததும் என்னிடம்தான் கொண்டு வருவார். "இன்னா மாமு, எவ்ளோ ஏறிகீது?" என்று பட்டறையே கேட்கிற மாதிரிக் கேட்பார். நான் வாசித்துச் சொல்வேன். "நீ மேல குந்திகினு கீற, எனக்கு இன்னா பயம்" என்பார். அதை மறக்கவே முடியவில்லை மகனே. அவர் அந்தச் சீட்டை நம்பவில்லை, பத்திரத்தை நம்பவில்லை. என்னை நம்பினார்.

யுத்தம் முடிந்தது. கப்பல் வரத்துக் குறைந்தது, வேலை குறைந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் நாங்கள் போனபோது கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. முதலாளி ஊரிலேயே இல்லை. காதர் பாய்க்கு ரிடையர் ஆக மூன்று மாசம் பாக்கி. பண்டு இருக்கிறதே, பயமில்லை என்று நான்தான் கேட்டருகில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன். கோர்ட்டு ஒரு அதிகாரியை நியமித்து, அவர் வந்து, தொழிலாளிகள் நாலு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பண்டுப் பெட்டியைத் திறந்தார். சர்க்கார் பத்திரம் ஒன்றுகூட இல்லை. படகுக் கம்பெனி எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள்தான் கட்டுக் கட்டாக இருந்தன. படகுக் கம்பெனி அதற்கு முந்தின வருஷமே திவாலாகியிருந்தது. மினிட் புஸ்தகத்தையும் எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்தார். ஒவ்வொரு தீர்மானத்தின் கடைசியிலும் என் பேரைப் படித்தார்.

காதர் பாய் அந்த நாலு பேரில் ஒருவர். அவருக்குக் கேட்டிருக்காது, பக்கத்தில் நின்றவன் காதில் கத்திச் சொன்னான். அவர் என்னிடம் வந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாக மெதுவாகப் பேசினார்.

"மாமு, அந்த ரூம்புல நீ குந்திகினு இருந்தியா?"

தலையாட்டினேன்.

"இந்தச் சீட்டுல இன்னா எழுதிகீதுன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல பாய்."

"நான் செவுடன்யா. நீ இன்னாத்துக்குக் கேக்கல?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்கு அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வழக்கு வந்தது. கம்பெனி வக்கீல் ஒரு நாள் வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "உனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிடு. காட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன்னு சொல்லு. தொழிலாளிதானே, ஜட்ஜ் விட்டுடுவார். உனக்கு ஒரு பாதிப்பும் வராது." நான் தப்பித்துவிடுவேன். நான் தப்பித்தால் அவர்களும் தப்பிப்பார்கள். எழுத்துத் தெரியாதவனை வைத்து ஏமாற்றியது மானேஜர் ஒருவர்தான் என்று அவர் தலையில் கட்டிவிட்டு, முதலாளியும் மைத்துனரும் கழன்றுகொள்வது அவர்கள் திட்டம். மானேஜர் அதற்குள் செத்துப் போயிருந்தார்.

கோர்ட்டில் போய்ப் பார்த்தால், நாங்கள் நீக்கிய தணிகாசலம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. பேப்பரில் பார்த்துவிட்டு அவராக வந்திருக்கிறார். மடியில் பழைய நோட்டுப் புஸ்தகம். எந்தக் கூட்டத்தில் யாரிடம் என்ன கேட்டார், யார் என்ன பதில் சொன்னார்கள், யார் சிரித்தார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. தொழிலாளிகளுடைய வக்கீல் அதை வாங்கி நீதிபதியிடம் கொடுத்தார். எதிர்த்தரப்பு, நீக்கப்பட்ட ஒருவர் ஆத்திரத்தில் எழுதிக்கொண்டது என்று வாதாடியது. அதை உண்மை என்று சொல்ல அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவராவது வேண்டும். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இந்தத் தீர்மானங்களில் இருப்பது உங்கள் கையெழுத்தா?"

"என்னோடதுதான்."

"இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

கம்பெனி வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பெஞ்சில் காதர் பாய் கையைக் காதில் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படிக்கத் தெரியும். படிக்கலை" என்றேன். அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியே சொன்னேன். அப்புறம் தணிகாசலம் கேட்டது, மைத்துனர் சிரித்தது, நான் சிரித்தது, கை தூக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் கை தூக்கினாய் என்று கேட்டார்கள். பெரியவங்க சொன்னாங்க, தூக்கினேன் என்றேன். உன் பேரைச் சொல்லவில்லை. கோர்ட்டில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதைத்தான் இப்போது திருத்துகிறேன்.

டிரஸ்டிகள் எல்லாரும், அவர்களை ஆட்டிவைத்த முதலாளியும் பொறுப்பு என்று தீர்ப்பானது. மைத்துனருடைய வீடும், முதலாளியின் பங்களாவும் ஏலத்துக்கு வந்தன. அப்பீல், அது இது என்று வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் ஆளுக்குச் சேர வேண்டியதில் பாதி கிடைத்தது. என் பங்கை நான் வாங்கவில்லை. மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டில் அந்த வருஷங்களில் ஏன் அவ்வளவு கஷ்டம், அம்மா ஏன் எண்ணூருக்கு நடந்து போய் மலிவாக மீன் வாங்கி வந்தாள் என்று உனக்கு இப்போது புரியும். உண்மையைச் சொன்னதற்காகக் கோர்ட்டு என்னிடம் ஒன்றும் வசூலிக்காமல் விட்டுவிட்டது, ஆனால் அதனால் யாருக்கும் இளமை திரும்பி வரவில்லை. காதர் பாய் திருவொற்றியூரில் ஒரு மரக்கடையில் காவல்காரராகச் சேர்ந்தார். இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஒருநாள் டீக்கடையில் நேரே வந்து முன்னால் உட்கார்ந்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. பேசாம இருக்கறது பேஜாரா கீது, அதான் வந்தேன்" என்றார். கிடைத்த பாதிப் பணம் அவருடைய நெஞ்சு வைத்தியத்துக்குப் போயிற்று. போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார், ஜனாஸாவுக்குப் போய் வந்தேன். பம்பாயை அவர் பார்க்கவே இல்லை.

இப்போது சட்டம் வந்துவிட்டது, அந்தக் காலம் மாதிரி இல்லை நைனா என்று நீ பதில் எழுதுவாய். தெரியும். சட்டம் நாற்காலியைப் போடும். அதில் உட்காருகிறவன் வாயைத் திறக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தாலும் செய்ய முடியாது. எங்கள் டிரஸ்ட் பத்திரத்திலும் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தது. பெரிய பெரிய பேர்களை வெளி ஆள் என்று கடுதாசியில் அச்சடித்து, அந்தப் பேரைக் காட்டியே கும்பலை நம்ப வைத்துக் கொள்ளையடிக்கிற வித்தை இந்த ஊரில் புதிதில்லை. அந்தக் கொள்ளையில் முதலாளியைவிட எனக்கு அதிக ஆத்திரம் அந்தச் சரிகை அங்கவஸ்திரத்தின் மேல்தான். முதலாளி தனக்காகத் திருடினான். அந்த மனிதர் சும்மா வந்து போவதற்காக இருநூறு பேருடைய வயோதிகத்தை விற்றார். என் மகன் அந்த நாற்காலியில் அப்படி உட்காருவான் என்றால், நீ படித்திருக்கவே வேண்டாம், பட்டறையில் சுத்தியல் பிடித்திருக்கலாம்.

ஆகவே ஒன்று, அந்த வீட்டைக் காலி செய்து வாடகை கொடுத்து வேறு இடத்துக்குப் போ, அவருடைய கணக்கு வேலையையும் விட்டுவிட்டு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள். இல்லை, வீடும் வேலையும் வேண்டும் என்றால் டிரஸ்டியாக முடியாது என்று கும்பிட்டுச் சொல்லிவிடு. இரண்டுமே கௌரவமான வழி. மூன்றாவது வழியை மட்டும் எனக்கு எழுதாதே. பொறுப்பை எடுத்தாயானால், உன்னைப் பார்த்து அந்த அறையில் எல்லாரும் சிரிக்கிற நாள் ஒன்று வரும். பட்டியலைக் காட்டி, போதுமே என்பார்கள். நீ பத்திரத்தைக் கேள். அடுத்த கூட்டம் என்றால், அடுத்த கூட்டம் வரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே. நீ கேட்டது மினிட்டில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார். தொழிலாளி தரப்பில் என்னைப் போல ஒருவன் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவனை வெறுக்காதே. கூட்டம் முடிந்ததும் அவனோடு கொஞ்ச தூரம் நட.

அம்மா சௌக்கியம். இந்தக் கடிதத்தில் உள்ளதை அவளுக்கு இன்று சாயங்காலம் நானே சொல்லப் போகிறேன், நீ அவசரப்பட்டு எழுதிவிடாதே. சொன்ன பிறகு அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் கூட்டத்துக்கு முன்னால், ஒருநாள் ஷிப்டு மாறுகிற நேரத்தில் அந்த மில் வாசலில் போய் நில். காரில் போகாதே. பஞ்சு தலையெல்லாம் ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறவர்களில், ரிடையர் ஆக ஒரு வருஷம் இரண்டு வருஷம் இருக்கிற ஒருவரை நிறுத்தி, வேலையை விட்ட பிறகு என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேள். அவர் சொல்வதை முழுக்கக் கேள். பிறகு அவர் பேரைக் கேட்டு எனக்கு எழுது. பதவியை ஏற்றாயா இல்லையா என்று நீ எழுத வேண்டாம். அந்தப் பேரை மட்டும் எழுது.

உன் நைனா